வளரும் பிள்ளையின் இரவு உடை



பிழைப்பின் நிமித்தம் தெற்கிலிருந்து வடக்கே வந்து குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு விசேஷ சிரமம் உண்டு. பிள்ளை வளர்ப்பைப்பற்றி நாம் நம் தாய்மாரிடம் கற்றுக்கொண்டதெல்லாம் தாமிரபரணிக் கரையின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றது. நாம் பிள்ளை வளர்ப்பதோ யமுனைக் கரையில். அங்கே மார்கழி மாதத்தில்கூட ஒரு பருத்திச் சட்டையும், பழைய சேலையில் கட்டிய தொட்டிலும் குழந்தைக்குப் போதும். இங்கே மார்கழி பிறக்குமுன்னே ரஜாய் வேண்டும், ஸ்வெட்டர் வேண்டும், ஹீட்டர் வேண்டும். அடுத்த ஐந்து மாதத்தில் அதே வீதியில் 45 டிகிரி வெயில் காயும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கைக்குழந்தை இரவில் எதை உடுத்தி உறங்கவேண்டும் என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பகல் உடைக்கும் இரவு உடைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பகலில் பிள்ளையின்மேல் யாராவது ஒருவருடைய கண் இருக்கும். குல்லா முகத்தில் சரிந்தால் தூக்கிவிடுவோம். நாடா கழுத்தில் சுற்றினால் எடுத்துவிடுவோம். இரவில் தாயும் உறங்குகிறாள். பல மணி நேரம் பிள்ளை தன் உடையோடு தனித்திருக்கிறது. அந்த நேரத்தில் உடையால் ஒரு தீங்கும் வராதபடி பார்ப்பது, விளக்கை அணைக்குமுன் நாம் செய்து முடிக்கவேண்டிய வேலை.

எங்கள் மகள் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் பாளையங்கோட்டையில் பிறந்தாள். நம் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு சென்றிருந்தேன். டிசம்பர் முதல் வாரத்தில், பிள்ளைக்கு மூன்று மாதம் நிறைந்தபின்பு, என் கணவர் வந்து எங்களை அழைத்துப் புறப்பட்டார். என் மாமியாரும் உடன் வந்தார்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸில் நாக்பூர் வரைக்கும் குளிர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜான்சியை நெருங்கும்போது ரயில் பெட்டியின் இரும்புக் கம்பியைத் தொட்டால் கை சில்லிட்டது. அத்தை தன் சால்வையை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டு, “டில்லிக்குப் போனபொறவு இவளை எப்படிக் காப்பாத்தப் போறோமோ” என்றார்கள். அந்தக் கவலை வெறும் பேச்சல்ல. அவர்கள் ஊரைவிட்டு வடக்கே வந்தது அதுவே முதல்முறை.

மயூர் விஹாரில் எங்கள் வாடகை வீட்டை அடைந்ததும் அத்தை தன் பெட்டியைத் திறந்தார்கள். நான்கு ஸ்வெட்டர், ஐந்து குல்லா, கையுறை, காலுறை, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு முழு உடை. எல்லாமே ஒரு வயதுப் பிள்ளைக்கான அளவு. “வளருத பிள்ளைல்லா. ரெண்டு அளவு பெருசா எடுத்தா அடுத்த குளிருக்கும் ஆகும்” என்றார்கள். நம்மில் யார் இப்படி வாங்காதவர்கள்? வாடகையும், பள்ளிக் கட்டணமும், ஊருக்கு அனுப்பும் பணமும் போக மீதியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது நியாயமான சிக்கனம். பகல் உடையில் அது பெரும்பாலும் பாதகமும் இல்லை. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் போதும். இரவு உடையில்தான் அந்தச் சிக்கனம் செல்லாது. கழுத்து அகலமான உடையில் படுத்திருக்கும் பிள்ளை மெல்ல உள்ளே இறங்கினால், துணி வாயையும் மூக்கையும் மூடிவிடும். அதை இழுத்துவிடும் பலம் மூன்று மாதக் குழந்தையின் கைக்கு இல்லை. ஆகவே பெரிய உடைகளை அடுத்த ஆண்டுக்கென்று எடுத்து வைத்தோம். அன்று மாலையே கடைவீதிக்குச் சென்று, பிள்ளையின் அப்போதைய அளவுக்கு இரண்டு பருத்தி உடைகள் வாங்கி வந்தோம். அத்தைக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை. இருந்தாலும் தடுக்கவில்லை.

அடுத்த கேள்வி குல்லாவைப்பற்றி எழுந்தது. பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குப் பிள்ளையை எடுத்துச் சென்றபோது, அத்தையையும் மருத்துவரின் அறைக்குள் அழைத்துச் சென்றேன். உச்சி இன்னும் கெட்டிப்படாத பிள்ளைக்கு இந்தக் குளிரில் இரவெல்லாம் குல்லா வேண்டாமா என்று அத்தையே கேட்டார்கள். மருத்துவர் அவர்களை மரியாதையாய் உட்காரவைத்துப் பதில் சொன்னார். பிறந்த முதல் நாட்களில் குல்லா அணிவிப்பது சரியே; எடை குறைவாய்ப் பிறந்த பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லும் காலம் வரைக்கும் அது அவசியம். குளிரில் வெளியே எடுத்துச் செல்லும்போதும் அணிவிக்கலாம். ஆனால் நல்ல எடையோடு வளர்ந்துவரும் பிள்ளை வீட்டுக்குள்ளே உறங்கும்போது தலை திறந்திருக்கவேண்டும் என்றார்.

அதற்கான காரணத்தையும் விளக்கினார். குழந்தையின் உடலோடு ஒப்பிட்டால் அதன் தலை பெரியது. மார்பும் கைகால்களும் துணிக்குள் மூடியிருக்கையில், மிகுதியான சூடு வெளியேறத் தலையும் முகமுமே முக்கிய வழி. அந்த வழியையும் அடைத்துவிட்டால் உடல் சூடேறும். பெரியவர்களுக்குச் சூடானால் போர்வையை உதைத்துத் தள்ளுவோம். குழந்தைக்கு அது முடியாது. மேலும், தளர்ந்த குல்லா தூக்கத்தில் சரிந்து மூக்கை மூடக்கூடும்.

நோய் ஒன்றும் இல்லாத குழந்தை உறக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாவிட்டாலும், அபாயத்தை அதிகரிக்கும் சிலவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். குப்புறப் படுக்கவைப்பது, மெத்தென்று அமிழும் படுக்கை, அருகில் புகைபிடிப்பது, உடல் மிகுதியாகச் சூடேறுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் குழந்தைகளை மல்லாந்து படுக்கவைக்கும்படி பெரிய பிரசாரம் நடந்தது. அதைத் தொடர்ந்து அந்நாடுகளில் இவ்வகை மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2022-இல் வெளியிட்ட அறிவுரை இன்னும் தெளிவானது. மல்லாந்த நிலை, அமிழாத, சமமான படுக்கை, தலையணையும் தளர்ந்த போர்வையும் கூடாது, வீட்டுக்குள் உறங்கும்போது குல்லா வேண்டாம், பெற்றோர் உறங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். எடை கூட்டித் தைத்த குழந்தைப் பைகளும் சுற்றுத்துணிகளும் ஆகாது என்றும் அது சொல்லுகிறது.

“அப்போ குளிருக்கு என்ன செய்ய?” என்று அத்தை கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெரியவர் ஒருவர் அந்த அறையில் போர்வையில்லாமல் வசதியாய் இருக்க எத்தனை அடுக்கு உடை தேவையோ, அதைவிட ஒன்று கூடுதலாகப் பிள்ளைக்கு உடுத்தினால் போதும் என்றார் மருத்துவர். ஒரே தடித்த உடையைக்காட்டிலும் மெல்லிய அடுக்குகள் நல்லவை. தேவையானால் ஒன்றைக் கழற்றலாம். குளிரோ சூடோ என்று அறிய கையையும் காலையும் தொட்டுப் பார்க்கவேண்டாம். சிறு குழந்தையின் கைகால்கள் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்திருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ கைவைத்துப் பார்க்கவேண்டும். அங்கே இதமான சூடு இருந்தால் பிள்ளை சுகமாயிருக்கிறது. பிசுபிசுவென்று வேர்வை இருந்தாலும், கன்னம் சிவந்து மூச்சு வேகமாய் வாங்கினாலும் ஒரு அடுக்கைக் குறைக்கவேண்டும். பிடரி குளிர்ந்திருந்தால் ஒன்றைக் கூட்டவேண்டும்.

இப்படிச் சொல்லிவிட்டு அவர் அத்தையின் கையைப் பிடித்துப் பிள்ளையின் பிடரியில் வைத்துக் காட்டினார். அது எங்கள் வீட்டுக்கு மிகுந்த உதவியாயிற்று. அதுவரைக்கும் மருமகளின் சொல்லா மாமியாரின் சொல்லா என்றிருந்த காரியம், அன்றுமுதல் பிள்ளையின் பிடரி என்ன சொல்லுகிறது என்றாகிவிட்டது. அதிகாலை மூன்றரை மணிக்கு ஜெபத்துக்கு எழும்புவது அத்தையின் பழக்கம். டெல்லியில் இரவின் கடுங்குளிர் விடியலை ஒட்டித்தான் வரும். அந்நேரத்தில் எழும்பிப் பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார்க்கும் பொறுப்பை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

போர்வை இல்லாமல் எப்படி என்ற கேள்வி மீந்திருந்தது. முதலில் பிள்ளையை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவைத்தோம். இடுப்பும் முழங்காலும் மடங்கி விரிய இடமிருக்கும்படி, மார்பளவில்தான் சற்று இறுக்கம். கால்களை நேராய் நீட்டி இறுகக் கட்டினால் இடுப்பு மூட்டு சரியாய் அமையாமற்போகலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் பிள்ளை ஒருக்களித்துத் திரும்ப முயன்றாள். பார்த்த எல்லோருக்கும் சந்தோஷம். அன்றோடு சுற்றித் தூங்கவைப்பதை நிறுத்தினோம். கைகள் கட்டுண்ட பிள்ளை குப்புறக் கவிழ்ந்தால் தலையைத் தூக்கவோ திரும்பவோ முடியாது. முந்தின வாரம் வரைக்கும் பாதுகாப்பாயிருந்த துணி, பிள்ளை வளர்ந்த காரணத்தினாலேயே அபாயமாகிவிடுகிறது. இதை நன்றாய்க் கவனியுங்கள்: துணி மாறவில்லை, பிள்ளை மாறிவிட்டது.

அதற்குப் பதிலாக, எங்கள் சபையில் தையல் தெரிந்த ஓர் அக்கா உறங்கும் பை ஒன்றைத் தைத்துத் தந்தார்கள். கடைகளிலும் கிடைக்கிறது, வாங்கினாலும் தைத்தாலும் பார்க்கவேண்டியவை ஒன்றே. கைகள் வெளியே இருக்கும்படி கையில்லாத சட்டையைப்போல மேற்பகுதி. கீழே கால்களைச் சேர்த்து மூடிய பை. கழுத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். தலை உள்ளே இறங்க இடம் இருக்கலாகாது. கைத்துளையும் அப்படியே. கீழ்ப்பகுதி முழங்காலை மடக்கி விரிக்கும் அளவுக்கு அகலம். தலைமூடியோ, நாடாவோ, குஞ்சமோ வேண்டாம். ஜிப் வைத்தால் அதன் நுனி தாடையில் உரசாதபடி ஒரு துணி மடிப்பு. அக்கா உள்ளே பருத்தி பிளானலும், நடுவே மெல்லிய பஞ்சும் வைத்திருந்தார்கள். அதனுள் பிள்ளைக்கு ஒரு பருத்திப் பனியன், முழுக்கை முழுக்கால் பருத்தி உடை, அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டை. வேறு போர்வை இல்லை.

2023 ஜனவரி 8-ஆம் தேதி அதிகாலை டெல்லி சப்தர்ஜங்கில் வெப்பநிலை 1.9 டிகிரிக்கு இறங்கியது. முந்தின இரவு எங்கள் அறையில் மாட்டியிருந்த சிறிய வெப்பமானி 11 டிகிரியைக் காட்டியது. அத்தை பிள்ளையின் கையைத் தொட்டார்கள், ஐஸ்போல இருந்தது. “இன்னைக்கு ஒரு நாளாவது குல்லாவும் ரஜாயும் போடுவோம் மக்கா” என்று கெஞ்சும் குரலில் சொன்னார்கள். அவர்கள் கண்ணில் நீர் நின்றது. எனக்கும் உள்ளம் கலங்கிற்று. வெளியே அப்படிப்பட்ட குளிர் நிற்கையில், அன்போடு நீட்டப்பட்ட ரஜாயை வேண்டாம் என்பது எளிதல்ல. “அத்தை, பிடரியைப் பார்த்துட்டு முடிவு செய்வோம்” என்றேன். இருவரும் சேர்ந்தே பார்த்தோம். சற்றுக் குளிர்ந்ததாகத் தெரிந்தது. பைக்குள் இன்னொரு மெல்லிய பருத்திச் சட்டையைக் கூட்டினோம். என் கணவர் எண்ணெய் ஹீட்டரைப் படுக்கைக்கு எட்டாத மூலையில் வைத்து, அறை சற்று வெதுவெதுப்பானதும் அணைத்தார். அரைமணி நேரத்துக்குப்பின் பிடரி இதமாயிருந்தது. அதிகாலை மூன்றரைக்கு அத்தை பார்த்தபோதும் அப்படியே. ரஜாய் எங்கள் கட்டிலிலேயே இருந்தது. அந்த இரவுக்குப்பின் அத்தை பிள்ளைக்குக் குல்லா வேண்டுமென்று ஒருபோதும் கேட்கவில்லை.

ஹீட்டரைச் சொன்னதினால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அறையைச் சூடாக்கக் கரி அடுப்பாகிய அங்கீட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் இங்கே சில வீடுகளில் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்குகிறவர்கள் எழும்பாமலே போய்விடுவார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இத்தகைய செய்தி நாளிதழ்களில் வருகிறது. பிள்ளையின் உடையை ஒரு அடுக்கு கூட்டுங்கள். அங்கீட்டியை மூடிய அறைக்குள் எக்காரணத்திலும் கொண்டுவராதிருங்கள்.

எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மிகுந்த பாசமுள்ளவர்கள். தன் கையால் பின்னிய கம்பளி உடை ஒன்றைப் பிள்ளைக்குப் பரிசளித்தார்கள். கழுத்தில் கம்பளி நாடா கோத்து, அதன் இரு முனையிலும் குஞ்சம் தொங்கிற்று, பார்க்க அழகு. பகலில், மடியில் வைத்திருக்கும்போது அதை உடுத்திப் படம் எடுத்து அவர்களுக்குக் காட்டினோம். இரவில் உடுத்தவில்லை. நாடா கழுத்தை இறுக்கலாம். குஞ்சம் பிய்ந்து வாய்க்குள் போகலாம். பின்பு அவர்களுடைய சம்மதத்தோடே நாடாவை உருவிவிட்டு, டிச் பட்டன் இரண்டை உறுதியாய்த் தைத்துக்கொண்டோம். ஊக்கு குத்தின உடையும் இரவுக்கு வேண்டாம். கையுறை, காலுறைகளை ஒவ்வொரு முறையும் உட்புறம் திருப்பிப் பாருங்கள். உள்ளே பிரிந்த நூலோ, தாயின் உதிர்ந்த தலைமயிரோ குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கும். காரணமின்றி விடாமல் அழும் பிள்ளையின் கால்விரல்களைப் பார்க்கும்படி மருத்துவர்கள் சொல்லுவது இதனாலேயே.

அதே அம்மாள் தன் பேரனுடைய பழைய குளிர் உடைகளை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, பூச்சி உருண்டையின் நெடி வீசிற்று. இதை நம் ஜனங்கள் அவசியம் அறிந்திருக்கவேண்டும். அந்த உருண்டைகள் நாப்தலீன் என்னும் பொருளால் செய்யப்படுகின்றன. சிலருக்கு ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாப்தலீன் ஆவி ஏறிய உடையிலோ போர்வையிலோ உறங்கினால், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை உண்டாகலாம். கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963-இலேயே பச்சிளங்குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகையால் குழந்தையின் துணிகள் இருக்கும் பெட்டியில் பூச்சி உருண்டை போடாதிருங்கள். பிறர் தந்த உடையில் அந்த நெடி இருந்தால், பலமுறை துவைத்து, பல நாள் வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, நெடி முற்றிலும் போனபின்பே உடுத்துங்கள், போகாவிட்டால் விட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய புது உடையையும் ஒருமுறை துவைத்தபின்பே உடுத்துவது நல்லது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்தாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழந்துணியை உடுத்துகிற நம் பாட்டிமாரின் வழக்கத்தில் நல்ல ஞானம் இருந்தது.

பிள்ளைக்கு ஆறேழு மாதம் ஆகி, தவழத் தொடங்கினதும் இன்னொரு அபாயம் வருகிறது, அது நெருப்பு. கம்பிச் சுருள் சிவக்கும் ஹீட்டர், கொசுவர்த்திச் சுருள், மின்சாரம் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி, சமையலறை அடுப்பு ஆகிய எல்லாம் அதற்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். பாலியெஸ்டர், நைலான் துணிகள் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த பருத்தித் துணியோ சட்டென்று பற்றி எரியும். அமெரிக்காவில் 1971-இல் சிறுபிள்ளைகளின் இரவு உடைக்கு ஒரு விதி செய்தார்கள். சிறு சுடர் பட்டாலும் துணி தொடர்ந்து எரியாதிருக்கவேண்டும் என்பது அது. அதற்காக டிரிஸ் என்னும் இரசாயனத்தைத் துணியில் ஏற்றினார்கள். அது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று தெரிந்து, 1977-இல் குழந்தைகளின் உடைகளில் அதைத் தடைசெய்தார்கள். 1996-இல் அந்த விதியையே திருத்தினார்கள். உடலோடு ஒட்டி நிற்கும் அளவான இரவு உடைக்கும், ஒன்பது மாதம் வரைக்குமான அளவுகளுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். தொளதொளவென்று தொங்கும் துணி சுடரை எளிதில் தொடும். அடியில் காற்று இருப்பதால் வேகமாய் எரியும். உடலோடு ஒட்டிய துணி நெருப்பில் படுவதும் அரிது. பட்டாலும் எரிய அதற்குக் காற்று போதாது. தவழாத குழந்தையோ தானாக நெருப்பண்டை போக முடியாது. இந்த நெடிய சரித்திரத்திலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: இரசாயனத்தைத் தேடவேண்டியதில்லை, பிள்ளையின் அளவுக்குச் சரியான பருத்தி உடையைத் தேடுங்கள்.

மே மாதம் வந்தபோது அத்தை ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். பிள்ளைக்கு ஒன்பது மாதம். கூலர் ஓடியும் அறை கொதித்தது. மல் துணியில் கையில்லாத ஒரு ஜபலா, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மிகவும் புழுக்கமான இரவுகளில் அரைத்துணி மட்டும். ஏ.சி. உள்ள வீடுகளில் முழுக்கைப் பருத்தி உடை ஒன்று போதும். குளிரும் என்று அஞ்சிப் போர்வை போடுவதைவிட, ஏ.சி.யின் குளிரைக் குறைப்பதே நல்லது. வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டாதிருங்கள். அந்தத் தூள் மூச்சில் ஏறும். தளர்வான மெல்லிய பருத்தியும் குளியலும் போதும். பல் முளைக்கும் அந்தப் பருவத்தில் பிள்ளை எதையும் கடிக்கும். ஆகையால் ஒட்டு வேலைப்பாடு, மணி, சங்கு பட்டன் போன்றவை இரவு உடையில் வேண்டாம். இருக்கும் பட்டன்களை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

அன்னாள் தன் மகன் சாமுவேலுக்கு வருஷந்தோறும் ஒரு சிறு அங்கி தைத்துக் கொண்டுபோனாள் என்று நாம் வேதத்தில் வாசித்திருக்கிறோம். அந்தத் தாய் எதைக்கொண்டு அளவெடுத்திருப்பாள் என்று நான் யோசிப்பதுண்டு. பிள்ளை தூரத்தில் இருக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கிறாள். ஆனாலும் ஒரே பெரிய அங்கியாகத் தைத்துக் கொடுத்து, வளர்ந்து நிரம்பட்டும் என்று அவள் விடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிதாய் அளவிட்டாள். நம் பிள்ளையோ நம் அருகிலேயே படுத்திருக்கிறது. முதல் ஆண்டில் அதன் அளவு வருஷந்தோறும் அல்ல, மாதந்தோறும் மாறுகிறது.

இதற்குச் செலவு அதிகமாகுமே என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. குழந்தையின் உடை கிழியுமுன்னே சிறியதாகிவிடுகிறது. எங்கள் சபையில் தாய்மார் சேர்ந்து ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். சிறியதான இரவு உடைகளைத் துவைத்து, பட்டனும் தையலும் சரிபார்த்து, அளவை ஒரு துண்டில் எழுதிக் குத்தாமல் தைத்து, அதில் வைத்துவிடுவோம். தேவைப்படுகிறவர்கள் தங்கள் பிள்ளையின் அன்றைய அளவைப் பார்த்து எடுத்துக்கொள்ளுவார்கள். அக்கா தைத்த அந்த உறங்கும் பை இதுவரைக்கும் நான்கு பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு மத்தியில் அதன் ஜிப்பை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. அத்தை அந்த டிசம்பரில் கொண்டுவந்த பெரிய ஸ்வெட்டர்களும் வீணாகவில்லை. மறு குளிர்காலத்தில் அளவாய்ப் பொருந்தின.

பிரியமானவர்களே, குளிர்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள கைக்குழந்தையின் இரவு உடைகளை எல்லாம் ஒருமுறை வெளியே எடுத்து வையுங்கள். கழுத்தில் ஒரு விரலுக்குமேல் இடம் விடுகிறதா, நாடா இருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா, உள்ளே நூல் பிரிந்திருக்கிறதா, பூச்சி உருண்டை மணக்கிறதா என்று பாருங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையாகவோ, எடை குறைந்த பிள்ளையாகவோ இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். ஊரிலிருந்து தாயோ மாமியாரோ வந்திருந்தால், அவர்களை விலக்கிவைத்து இவற்றைச் செய்யாதிருங்கள். மருத்துவரிடம் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் மனதிலிருக்கும் கேள்வியை அவர்களே கேட்கட்டும். இத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த அவர்களுடைய கை, பிடரியின் சூட்டை நம் கையைவிட நன்றாய் அறியும். தகப்பன்மாரும் இரவில் ஒருமுறை எழும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டால் தாய்க்குப் பெரிய இளைப்பாறுதலாயிருக்கும்.

உங்கள் வீட்டுச் சிறு பிள்ளைகள் இரவெல்லாம் சுகமாய் உறங்கி, காலையில் சிரித்த முகத்தோடு எழும்புவார்களாக.